எழுதாமல் விட்ட தொகை

போன கிழமை லைட் பில் வந்தது. மீட்டர் பார்க்கிறவர் தோளில் தொங்கும் சின்ன மெஷினில் அடித்து, சுருண்ட தாளைப் படிக்கட்டுக் கைப்பிடியில் செருகிவிட்டுப் போயிருந்தார். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் என் மகள் அதை எடுத்து வந்து கீழ்த்துண்டைக் காட்டினாள்.

“அம்மா, கட்ட வேண்டிய காசு மேலயே அடிச்சிருக்கு. கீழ இந்தப் பெட்டியில திரும்பவும் செலுத்தும் தொகைன்னு எழுதச் சொல்லியிருக்காங்க. எதுக்கு? இவங்களுக்கு வேற வேல இல்லையா?”

“அது சும்மா ஒரு முறைக்கு,” என்றேன். அடுப்பில் பருப்பு பொங்கி வழியப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் என்னிடம் எதைக் கேட்டாலும் சும்மா ஒரு முறைக்கு என்றுதான் சொல்வேன்.

அவள் அங்கேயே நின்று போனில் பில்லைக் கட்டி முடித்துவிட்டாள். தொகைக்கான இடம் தானாகவே நிரம்பியது, ஒரு தட்டுத் தட்டினாள், வேலை முடிந்தது. எனக்குத்தான் முடியவில்லை. ‘சும்மா ஒரு முறைக்கு’ என்று நான் சொன்னதை என் அம்மா கேட்டிருந்தால், கையில் இருக்கிற கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்திருப்பாள். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல இன்றைக்கும் எனக்குத் தைரியம் கிடையாது. ஆகவே மகளிடம் சொல்லாமல் விட்டதை உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கும் அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

இந்தக் காலத்து பில்லுக்கு வாசனை கிடையாது. மூக்கில் வைத்தே பார்த்தேன், ஒன்றுமில்லை. அந்த நாளைய பில்லுக்குத் தையல் மெஷின் எண்ணெய் வாசம் இருக்கும். எல்லோருடைய வீட்டிலும் அப்படித்தான் இருந்தது என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். எங்கள் வரிசையில் மட்டும்தான். மஹய்யாவையில் நாங்கள் இருந்த, ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளின் பில்கள் எல்லாம் என் அம்மாவின் பையில் ஏறித்தான் கண்டி டவுனுக்குப் போகும். அம்மா கொழும்பு வீதியில் ஒரு தையல் கடையில் வேலை செய்தாள். பையில் எண்ணெய்ப் போத்தல், நூல் கட்டைகள், சோற்றுப் பெட்டி. மாதக் கடைசியானால் அதே பையில் பத்துப் பன்னிரண்டு வீட்டுக் கரண்டும் சேர்ந்துகொள்ளும்.

எங்கள் வரிசையில் பெரும்பாலும் நகரசபையில் வேலை செய்கிறவர்கள். விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். திரும்பி வந்து குளித்துச் சாப்பிட்டால் பில் கட்டும் இடம் மூடுகிற நேரம் ஆகிவிடும். அம்மா எப்படியும் டவுனுக்குப் போகிறவள், சாப்பாட்டு நேரத்தில் ஓர் எட்டுப் போய்க் கட்டிவிடுவாள். யார் முதலில் கொடுத்தார்கள் என்று தெரியாது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே அவள் பெயர் ‘தையலக்கா’, அவள் வேலை தையலும் பில் கட்டுவதும்.

கொடுக்கிற விதம்தான் வேடிக்கை. பில்லுக்குள் காசை வைத்து, பீடி மாதிரி இறுக்கிச் சுருட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அம்மா அதைப் பிரிக்க மாட்டாள். பையிலிருந்து ஒரு நூல் துண்டை எடுத்து மேலே கட்டுவாள். முனை வீட்டுக்குப் பச்சை, எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஊதா, எங்கள் வீட்டுக்கு வெள்ளை. பில் கட்டும் இடத்தில் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொடுப்பாள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்களாம்.

ஏன் வீட்டிலேயே பிரித்துப் பார்க்கக் கூடாது என்று கேட்கிறீர்களா? கூடாது, அவ்வளவுதான். கொடுத்தவர் கண்ணெதிரே காசை எண்ணினால் அவரை நம்பவில்லை என்று அர்த்தம். கல்யாண வீட்டு மொய்க் கவரை வாசலிலேயே பிரிப்பதைப் போல. கொடுக்கிறவரும் எவ்வளவு என்று சொல்ல மாட்டார். சொன்னால், ‘இவள் எடுத்துவிடுவாள் என்று கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்’ என்று ஆகிவிடும். இரண்டு பக்கமும் மரியாதை. அந்த மரியாதையின் நடுவில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது யாருக்கும் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பில்லில் அடித்திருக்கிற தொகையை எங்கள் வரிசையில் யாரும் முழுதாகக் கட்டியதில்லை. சம்பளம், சீட்டு, கடைக் கடன், பிள்ளைகளின் காலுக்குச் சப்பாத்து, இதெல்லாம் போக மிச்சம் எவ்வளவோ அதுதான் பில்லுக்கு. ஒரு மாதம் பாதி, அடுத்த மாதம் கொஞ்சம் கூட. பில் கேட்பது ஒன்று, சுருளுக்குள் இருப்பது வேறொன்று. கீழே ‘செலுத்தும் தொகை’ என்ற கட்டம் எல்லோருடைய பில்லிலும் வெறுமையாகவே போய்க்கொண்டிருந்தது.

எனக்கு முதல் வேலை கிடைத்ததும் அதே பில் கட்டும் கந்தோரில்தான். பெயர் வேண்டாம், இப்போது அந்த இடமும் இல்லை. முன்னால் கம்பிக்குப் பின்னால் காசாளர் பண்டார மாத்தயா, சிங்களத்தில் மாத்தயா என்றால் ஐயா. பின்னறையில் நானும் ஒரு பழைய கம்ப்யூட்டரும். மத்தியானம் ஒரு மரத்தட்டில் பில்லின் கீழ்த்துண்டுகள் வரும். எந்த வீட்டுக்கு எவ்வளவு கட்டினார்கள் என்று பார்த்து நான் அடிக்க வேண்டும். காசை நான் கண்ணால் கண்டதில்லை. கட்டம் வெறுமையாக இருந்தால் மாத்தயா சிவப்புப் பேனையால் தொகையை எழுதியிருப்பார். எங்கள் வரிசையின் துண்டுகள் வந்தால் எனக்கு உடனே தெரிந்துவிடும். எண்ணெய் வாசம் வரும், கட்டம் முழுக்கச் சிவப்பாக இருக்கும்.

வேலை கிடைத்த பெருமையில் நான் கொஞ்சம் மிதந்துகொண்டிருந்த காலம் அது. கழுத்தில் அடையாள அட்டை. அதைக் கழற்றாமல் தண்ணீர்க் குழாய்க்குக்கூடப் போவேன். குழாயடியில் ஒருத்தி, “தூங்கும்போது கழட்டுவியா இல்லையாடி?” என்று கேட்டபிறகுதான் கழற்றினேன்.

எங்களுக்கு அடுத்த வீடு பாக்கியம் அத்தையுடையது. ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். அத்தை என்பது நான் கூப்பிடும் பழக்கம்தான், அம்மாவுக்கு அவள் தங்கை மாதிரி. அவள் வீட்டுக்காரர் நகரசபையில் குப்பை லொறியில் வேலை. இரண்டு பிள்ளைகள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டதால் அத்தைக்கு எழுத்து மறந்துபோயிருந்தது. வாய் மட்டும் மறக்கவில்லை. எங்கள் வரிசையிலேயே அதிகம் சிரிக்கிறவள் அவள்தான். அவளும் அம்மாவும் சாயங்காலம் ஒரு கோப்பைத் தேத்தண்ணியைப் பாதியாகப் பிரித்துக் குடிப்பார்கள்.

ஒரு மாதம் அவள் வீட்டுக்குச் சிவப்பு நோட்டீஸ் வந்தது. நிலுவையைக் கட்டாவிட்டால் வெட்டிவிடுவார்கள். அத்தை எங்கெங்கோ கேட்டு, சீட்டுக் காசில் முன்பணம் வாங்கி, சுருளைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா வழக்கம்போல் ஊதா நூலைக் கட்டினாள். மறுநாள் கட்டி, முத்திரை குத்திய பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அத்தை அதைப் படித்துப் பார்க்கவில்லை. பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டுப் போனாள்.

அடுத்த கிழமை ஏணியோடு இரண்டு பேர் வந்தார்கள். நிலுவை இருக்கிறது என்று சொல்லி அத்தை வீட்டுக் கரண்டை வெட்டிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் நாங்கள் வேலைவிட்டு வந்ததும் அத்தை படத்துக்குப் பின்னாலிருந்த சீட்டை உருவிக்கொண்டு வாசலில் நின்று கூச்சல் போட்டாள். நான் வாங்கிப் படித்தேன். ஆயிரம் ரூபா.

“ஆயிரமா? நான் ஆயிரத்து ஐநூறுல்ல சுருட்டிக் குடுத்தேன்!”

அம்மா வீட்டில் வைத்திருந்த தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்தாள். “அவுக்கும்போது ஆயிரந்தான் இருந்துச்சு பாக்கியம். எல்லாரும் கொஞ்சங் கொஞ்சமாத்தானே கட்டுறாங்க, நீயும் அப்பிடித்தான்னு நெனச்சேன்.”

“அப்ப ஐநூறு எங்கக்கா போச்சு?”

அவள் அப்போது கேட்டது கேள்வியாகத்தான் இருந்தது. ராத்திரி அவள் வீட்டுக்காரர் வந்தபிறகு அது வேறு மாதிரி ஆகிவிட்டது. தாய் வெளியே வாங்குகிறாள், மகள் கந்தோருக்குள்ளே உட்கார்ந்திருக்கிறாள், யாருக்குத் தெரியப்போகிறது என்று அவர் குழாயடிக்குக் கேட்கிற மாதிரிப் பேசினார். மறுநாள் வரிசை முழுக்க அதுதான் பேச்சு. யாரும் நேரே வந்து கேட்கவில்லை. நேரே கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அம்மா போனால் குழாயடியில் பேச்சு நின்றுவிடும், குடங்கள் மட்டும் நிறையும்.

அப்பா அப்போதே இல்லை. எங்களுக்கு வரிசையில் இருந்தது அம்மாவின் பெயர் ஒன்றுதான். அவள் கையில் ஒரு துணியைக் கொடுத்தால் வெட்டின துண்டுகூடத் திரும்ப வரும் என்று ஆட்கள் சொல்லுவார்கள். அந்தப் பெயர் ஐநூறு ரூபாவில் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் கந்தோரில் நான் பழைய துண்டுகளின் கட்டை எடுத்துத் தேடினேன். அத்தை வீட்டுத் துண்டு கிடைத்தது. கட்டத்தில் கட்டியவர் எழுதியது ஒன்றுமில்லை. மாத்தயாவின் சிவப்புப் பேனை எழுதிய ஆயிரம் மட்டும். காசாளர் கைக்கு எவ்வளவு வந்தது என்பதற்கு அது சாட்சி. அத்தை கையிலிருந்து எவ்வளவு புறப்பட்டது என்பதற்கு அது சாட்சியில்லை. இரண்டுக்கும் நடுவில் என் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து நான் சொன்னேன், “அம்மா, என் சம்பளத்துல ஐநூறக் குடுத்துருவோம். அவங்க வீடு இருட்டா கெடக்கு. பிள்ளைங்க மெழுகுதிரியில படிக்குதுக.”

“குடுத்தா எடுத்ததா ஆயிரும்.”

“பிரச்சின முடிஞ்சிருமே.”

“உன் சம்பளத்துல என் பேர வாங்க வேணாம்.” அவ்வளவுதான். அவள் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். அம்மா கோபத்தில் மிதித்தால் மெஷின் சத்தமே வேறு. ஆனால் தையல் மட்டும் கோணாது.

கொஞ்ச நேரம் கழித்து மெஷினை நிறுத்திவிட்டு, தன் பில்லைக் கையில் எடுத்து என்னிடம் நீட்டினாள். “நீ அந்த ரூமுக்குள்ளதானே இருக்க? இந்தக் கட்டம் எதுக்கு வச்சிருக்காங்கன்னு சொல்லு.”

அடையாள அட்டை போட்டுத் திரிந்த எனக்கு அது தெரியவில்லை. ‘சும்மா ஒரு முறைக்கு’ என்றுதான் அன்றும் சொல்லியிருப்பேன், அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

பண்டார மாத்தயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டிச் சிங்களவர், கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்தே தமிழ் கற்றவர். மேசையில் ஒரு ரப்பர்க் கிண்ணத்தில் நனைந்த பஞ்சு இருக்கும். விரலை அதில் தொட்டுத்தான் நோட்டெண்ணுவார். அந்தப் பஞ்சின் புளித்த வாசமும் முத்திரை மையின் வாசமும் சேர்ந்து அந்தக் கந்தோரின் வாசம். இன்றைக்கும் மழையில் நனைந்த சப்பாத்தை மூலையில் வைத்தால் எனக்கு அவர்தான் ஞாபகத்துக்கு வருவார், பாவம். என்னைத் தங்கச்சி என்கிற அர்த்தத்தில் நங்கி என்று கூப்பிடுவார்.

நடந்ததை முழுக்கச் சொல்லித்தான் கேட்டேன். குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டேன். என் வேலையும் இந்தப் பேச்சில் மாட்டிக்கொண்டிருந்ததே. அவர் காசு போடும் மேசை லாச்சியைப் பூட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நங்கி, மேல அடிச்சிருக்கிறது நாங்க சொல்ற கணக்கு. ஆள் கொண்டு வாறது கூடவும் இருக்கும், குறையவும் இருக்கும். சில ஆள் ரெண்டு மாசம் சேத்துக் கட்டும். சல்லி என் லாச்சிக்குள்ள போயிரும், துண்டு உங்க மேசைக்கு வந்துரும். ரெண்டும் பிரிஞ்ச பிறகு பிழை வந்தா யாரைக் கேக்குறது? அதுக்குத்தான் கட்டுற ஆள் சல்லிய விட முந்தி தன் கையால எழுதச் சொல்றது. அவங்க எழுதினா, சல்லி குறைஞ்சா நான் உடனே கேப்பேன். எழுதாட்டி என் பேனைதான் பேசும். என் பேனைக்கு எனக்கு முன்னால நடந்தது தெரியாது.”

இதை அப்படியே போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் பில்லை வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

அந்த மாதக் கடைசியில் ஆட்கள் சுருளோடு வரத்தான் செய்தார்கள். எல்லோருமல்ல, பாதிப் பேர். சந்தேகம் ஒரு பக்கம் இருந்தாலும் வேலையை விட்டுவிட்டு யார் டவுனுக்குப் போவது? வந்தவர்களை அம்மா வாசல் படியில் நிறுத்தினாள். கையில் பேனை.

“எவ்வளவு குடுக்குறீங்களோ அத இந்தக் கட்டத்துல எழுதுங்க. அப்புறம் பிரிச்சு எண்ணுங்க. நானும் எண்ணுறேன். இல்லாட்டி நான் தொடமாட்டேன்.”

“என்னாக்கா இது, அதான் மேல அடிச்சிருக்கானே,” என்றார் முனை வீட்டுக்காரர்.

“அது அவங்க கேக்குறது. நீங்க குடுக்குறது எங்க இருக்கு?”

அவர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர், விலாசம், மீட்டர் இலக்கம், அலகு, நிலுவை, எல்லாம் அவர்கள் அடித்தது. அந்தத் தாள் முழுவதிலும் கட்டுகிறவர் வாய் திறக்க ஒரேயோர் இடம்தான் விட்டிருந்தார்கள். அதைத்தான் நாங்கள் இத்தனை காலமும் வெறுமையாக விட்டிருந்தோம்.

“எண்ணுறது மரியாதை இல்லையேக்கா,” என்றாள் இன்னொருத்தி மெதுவாக.

“எண்ணாம விட்டதுதான் என் மரியாதையக் கெடுத்துருச்சு. எண்ணுங்க.”

எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். தெரியாதவர்கள் என்னைப் பார்த்தார்கள். நானும் பெருமையாகப் பேனைக்குக் கையை நீட்டினேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். தாயும் மகளும் என்றுதானே பேச்சு, மகள் எழுதினால் என்ன பிரயோசனம்? துணியில் குறி போடுகிற சோக்கட்டியை எடுத்து சிமெந்துப் படியில் இலக்கங்களை எழுதிக் காட்டினாள். அதைப் பார்த்து வரைந்தாவது சொந்தக் கையால்தான் எழுத வேண்டும். ஒருத்தர் ஏழு என்ற இலக்கத்தை இடம் வலமாகத் திருப்பி எழுதினார். ஒருத்தி எட்டைக் கீழிருந்து மேலே வரைந்தாள், கோலம் போடுகிற மாதிரி. வெட்கமும் சிரிப்புமாக இருந்தது. கோபித்துக்கொண்டு பில்லைப் பிடுங்கிப் போனவர்களும் உண்டு. “பெரிய கெச்சேரி நடத்துறா,” என்று ஒருவர் சொன்னார். கெச்சேரி என்றால் எங்களூரில் அரசாங்க அதிபரின் கந்தோர். அம்மாவுக்கு அந்தப் பட்டம் பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன்.

அடுத்த மாதம் இன்னும் குறைவானவர்கள் வந்தார்கள். அதற்கடுத்த மாதம் நான்கே சுருள்கள். நான் சொன்னேன், விட்டுத்தொலைங்கம்மா, ஊருக்கெல்லாம் நீங்க ஏன் சுமக்கணும் என்று. அவள் கேட்கவில்லை. “இப்ப விட்டா மாட்டிக்கிட்டதாலதான் விட்டுட்டாள்னு சொல்லுவாங்க. ஒரு பில் வந்தாலும் கொண்டு போவேன்.” நான்கு சுருள்களுக்கும் நூல் கட்டிக்கொண்டு போய், பின்னால் நிற்கிறவர்கள் பல்லைக் கடிக்கக் கடிக்க அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்தாள். பின்னறையில் எனக்கு அந்த நான்கு துண்டுகள் வரும். சிவப்பு இல்லாமல், கோணல் மாணலான இலக்கங்களோடு. அவற்றை அடிக்கும்போது ஒவ்வோர் இலக்கத்தையும் இரண்டு தரம் பார்ப்பேன், ஏன் என்று அப்போது தெரியாது.

அத்தை வீட்டுக்குக் கரண்ட் திரும்ப வந்திருந்தது, அவள் வீட்டுக்காரர் யாரிடமோ கடன் வாங்கிக் கட்டினார். அத்தை தன் பில்லைத் தானே டவுனுக்குக் கொண்டுபோனாள். போகும்போது எங்கள் வாசலைப் பார்க்க மாட்டாள். சாயங்காலத் தேத்தண்ணியை அம்மா முழுக் கோப்பையாகக் குடித்தாள்.

அந்த ஐநூறு எங்கே போனது? எனக்கு ஓர் எண்ணம் உண்டு. சுருள் அம்மாவின் கைக்கு வருமுன் அத்தை வீட்டு அலுமாரியில் ஓர் இரவு இருந்தது, அந்த வீட்டில் அத்தை மட்டும் இருக்கவில்லை. அதற்குமேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அம்மா ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஒரே நாளில் தன் மேல் இருந்த பேச்சைத் தூக்கி அடுத்த வீட்டில் போட்டிருக்கலாம். அவள் தன் பெயரைத்தான் திரும்ப வாங்க நினைத்தாள், இன்னொருத்தியின் குடும்பத்தை விற்று வாங்க நினைக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. கண்டி மழை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, வாளியைக் கவிழ்த்துவிட்டு நிறுத்த மறந்துவிடும். அப்படியொரு சாயங்காலம் பாக்கியம் அத்தை தலையில் ஒரு பொலித்தீன் பையைப் போட்டுக்கொண்டு எங்கள் படியில் வந்து நின்றாள். கையில் பில். சுருட்டவில்லை, விரித்துப் பிடித்திருந்தாள். கட்டத்துக்குள் அறுநூறு என்று எழுதியிருந்தது. ஆறு பெரிதாக, இரண்டு சைபர்களும் ஒன்றைவிட ஒன்று சின்னதாக. பிள்ளைகளின் கொப்பியில் எத்தனை நாள் எழுதிப் பழகினாளோ.

அம்மா வாசித்தாள். அத்தை காசை அவள் முன்னாலேயே எண்ணினாள். அம்மா வாங்கித் திரும்ப எண்ணினாள்.

“சரியா இருக்கு,” என்றாள் அம்மா.

“சரிக்கா.”

அம்மா பையைத் துழாவி ஊதா நூலை எடுத்தாள். மன்னிப்பு என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. அத்தை போகத் திரும்பியபோது அம்மா, “மழை விடட்டும். தேத்தண்ணி வைக்கிறேன்,” என்றாள். நான் அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அடுத்த மாதம் படியில் எட்டுச் சுருள், அதற்கடுத்த மாதம் எல்லா வீடும். தொகை எழுதாத பில் ஒன்றும் எங்கள் வரிசையிலிருந்து அதற்குப் பிறகு போனதில்லை. பண்டார மாத்தயா ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “உங்க லைன் ஆக்களுக்கு எனக்குச் சிவப்புப் பேனையே வேணாம் நங்கி,” என்றார். அம்மாவிடம் சொன்னேன். “ம்,” என்றாள். அவளுக்கு அது பெரிய சிரிப்பு.

வருடங்கள் கழித்து அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் சரியாக வேலை செய்யவில்லை. மெஷின் மூலையில் துணி போர்த்தி நின்றது. எங்கள் வரிசையின் பில்களைக் கட்ட ஆள் வேண்டுமே என்று நான் யோசிப்பதற்குள் பாக்கியம் அத்தை அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டன, எனக்கென்ன வேலை, போய்ட்டு வாறேன் என்றாள்.

முதல் மாதம் எங்கள் வீட்டுக்கும் வந்தாள். அம்மா கதிரையில் சாய்ந்திருந்தாள். நான் காசை எண்ணி பில்லோடு நீட்டினேன். அத்தை பில்லை மட்டும் வாங்கினாள்.

“தொகை எழுதலையே.”

“குடுங்கத்தை, எழுதித் தாறேன்.”

“நீ எழுத வேணாம். வீட்டு பில் அவங்க பேருல, அவங்க காசு. அவங்கதான் எழுதணும்.”

“அவங்களுக்குக் கை ஏலாது அத்தை.”

“இடது கை ஏலும்ல?” அத்தை பில்லை ஒரு தட்டில் வைத்து அம்மாவின் மடியில் வைத்தாள். பேனையை இடது விரல்களுக்கு நடுவில் கொடுத்தாள். பிறகு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். “எழுதுங்கக்கா. நீங்க எழுதாம நான் தொடமாட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. நோயாளியை இப்படியா படுத்துவது? ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். நோய் வந்த நாளிலிருந்து எல்லோரும் அவளுக்காகச் செய்தோம். ஊட்டினோம், துடைத்தோம், அவளுக்காகப் பேசினோம். ஒரு வேலையைச் செய் என்று அவளிடம் சொன்ன முதல் ஆள் அத்தைதான். அம்மா பேனையை அழுத்தினாள். முதல் இலக்கம் கட்டத்துக்கு வெளியே போனது. இரண்டாவது உள்ளே வந்தது. அத்தை அவசரப்படுத்தவில்லை, உதவவும் இல்லை. ஒவ்வோர் இலக்கமாக முடியும்வரை அவள் உட்கார்ந்திருந்தாள், நானும் நின்றேன். முடிந்ததும் அத்தை எழுந்து பில்லை வாங்கி வாசித்தாள், அம்மாவின் முன்னால் காசை எண்ணினாள்.

“சரியா இருக்குக்கா.”

அம்மாவுக்கு வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. மறுபக்கத்தால் சிரித்தாள். அதற்குப் பிறகு இரண்டு மாதங்கள் அவள் எழுதினாள். மூன்றாம் மாதத்து பில்லில் எழுதியது நான்.

அந்த வரிசை இப்போது இல்லை. இடித்து மாடி கட்டினார்கள், ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். பில் கட்டும் கந்தோர் இருந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். பண்டார மாத்தயா போய்ச் சேர்ந்துவிட்டார். பாக்கியம் அத்தை மகனோடு கொழும்பில் இருக்கிறாள், கண் தெரிவதில்லை என்று கேள்வி. நான் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறேன். இங்கே யாரும் யாரிடமும் காசு கொடுத்தனுப்புவதில்லை. அதனால் யாரும் யாரையும் சந்தேகப்படவும் வேண்டியதில்லை, எதிரே உட்கார்ந்து எண்ணவும் வேண்டியதில்லை. சுத்தமான ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை.

ஆனால் மூன்று நாளாக எங்களுக்கு மேல் வீட்டில் வெளிச்சம் இல்லை. ஊருக்குப் போயிருக்கிறார்களா, பில் கட்ட முடியாமல் வெட்டிவிட்டார்களா என்று முதலில் தெரியவில்லை. நேற்றுப் படியில் அந்த வீட்டுக்காரியைக் கண்டேன். கையில் மெழுகுதிரிப் பக்கெட் இருந்தது. என்னைப் பார்த்ததும் பையால் மறைத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். ஒரே படிக்கட்டில் ஒரு வருடமாக ஏறி இறங்குகிறோம். எங்கள் பழைய வரிசையில் இது முதல் நாளே தெரிந்திருக்கும். இன்றைக்குச் சாயங்காலம் போய்க் கதவைத் தட்டத்தான் போகிறேன். மகள் வேண்டாம் என்கிறாள், அவர்களுக்குச் சங்கடமாக இருக்குமாம். இருக்கட்டும், தட்டுவேன். முதலில் அவள் பெயரைக் கேட்க வேண்டும்.